எரிச்சலுக்கு மூன்றாண்டுச் சிறை: அஞ்சலட்டையிலிருந்து 66ஏ வரை

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 510 என்றொரு பிரிவு இருந்தது. குடிபோதையில் பொது இடத்துக்கு வந்து பிறருக்கு எரிச்சல் உண்டாக்குகிறவருக்கு 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது பத்து ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது அதன் சாரம். 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம், கணினி வழியே பிறருக்கு எரிச்சல் உண்டாக்குகிறவருக்கு மூன்றாண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதித்தது. இரண்டு சட்டங்களும் ஆங்கிலத்தில் கையாண்ட சொல் ஏறத்தாழ ஒன்றே. தெருவில் தள்ளாடியபடி நின்று கத்துபவனால் விளையும் எரிச்சலுக்கும், மேசை முன் தெளிவோடு அமர்ந்து தட்டச்சு செய்பவரால் விளையும் எரிச்சலுக்கும் இடையில் இவ்வளவு பெரிய தொலைவை இந்திய நாடாளுமன்றம் ஏன் கண்டது என்பது சட்ட வரலாற்றுக்கு மட்டுமன்றி மொழியியலுக்கும் உரிய கேள்வி.

இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றிய பேச்சு வழக்கமாக இணையத்திலிருந்தே தொடங்குகிறது. ஆனால் முகமறியா மனிதரிடம் எழுத்தால் பேசுவது, அந்த எழுத்தை மூன்றாமவர் படிக்க நேர்வது, அவர் மனம் புண்படுவது ஆகிய மூன்றும் இந்தியாவில் குறைந்தது அஞ்சலட்டையின் வயதுடையவை. காலனி அரசு 1879 ஜூலை 1 அன்று அஞ்சலட்டையை அறிமுகப்படுத்தியது; விலை காலணா. உறையிட்ட கடிதத்துக்கு இல்லாத ஓர் இயல்பு அதற்கு இருந்தது. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் உள்ள அத்தனை கைகளும் அதைப் படிக்கலாம். பிரித்தெடுப்பவர் படிக்கலாம், தபால்காரர் படிக்கலாம், தெருவில் எழுத்தறிந்த ஒருவர் வாங்கிப் படித்தும் காட்டலாம். எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த நாட்டில் இந்தக் கடைசி வாய்ப்பு விதிவிலக்கன்று, வழக்கம்.

1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இந்த இயல்பைக் கருதியே எழுதப்பட்டதுபோல் அமைந்திருந்தது. அஞ்சல் பொருளின் மீதோ அதன் உறையின் மீதோ அநாகரிகமான, ஆபாசமான, இராஜதுரோகமான, இழிவசையான, மிரட்டலான அல்லது 'மிகக் கடுமையாகப் புண்படுத்தும்' சொற்களோ குறிகளோ வடிவங்களோ இருக்கலாகாது என்றது அது. ஆபாசப் படங்களும் நூல்களும் உறைக்குள் இருந்தாலும் குற்றமே. ஆனால் வசைக்கும் மிரட்டலுக்கும் 'மேலே' என்ற எல்லை வகுக்கப்பட்டிருந்தது. உறைக்குள் ஒருவர் தம் மைத்துனரை எவ்வளவு திட்டினாலும் அஞ்சல் துறைக்குக் கவலையில்லை. திட்டு வெளியே தெரிந்தால்தான் சிக்கல். பெறுபவருடைய மனத்தைக் காட்டிலும் இடையில் நிற்கும் கண்ணையே சட்டம் காத்தது. ஓர் அஞ்சல் பையில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்ற நிர்வாக விதி அது. பேச்சின் ஒழுக்கத்தை அளக்கும் கோலாக அது எழுதப்படவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து இணையத்துக்கான குற்றப்பிரிவுக்குள் நுழைந்த 'மிகக் கடுமையாகப் புண்படுத்தும்' என்ற தொடர் இந்தியச் சட்ட மொழிக்குப் பழக்கமானது இங்கேதான்.

தொலைபேசி வந்தபோது இதே தொடர் பிரிட்டனில் கம்பிக்குள் ஏறியது. 1935-ஆம் ஆண்டின் அஞ்சலகத் திருத்தச் சட்டம், தொலைபேசி வழியே மிகக் கடுமையாகப் புண்படுத்தும், ஆபாசமான அல்லது அச்சுறுத்தும் செய்தியை அனுப்புவதைக் குற்றமாக்கியது. அன்று அழைப்புகளை இணைத்துக் கொடுத்த பெண் ஊழியர்கள் அன்றாடம் கேட்க நேர்ந்த வசைகளே அதற்குப் பின்னணி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அங்கேயும் காக்கப்பட்டவர் இடையில் இருந்தவர். பொதுப் பணியிலிருந்த, அழைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்து போக முடியாத ஒருவர். பின்னர் வந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் அத்தொடரை அப்படியே எடுத்துக்கொண்டு, 2003-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் வரை கொண்டுவந்து சேர்த்தன. இணைப்புப் பலகைகள் போயின, அவற்றின் முன் அமர்ந்திருந்த பெண்களும் போயினர். அவர்களுக்காக எழுதப்பட்ட சொற்கள் மட்டும் எஞ்சின.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் வழியே திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணம் வெளியாயிற்று. இணைய நடத்தை நெறி என்று இன்று அறியப்படும் பெரும்பாலான அறிவுரைகளுக்கு அதுவே தாய். அஞ்சலட்டையில் எழுதத் துணியாத எதையும் மின்னஞ்சலில் எழுதாதே என்பது அதன் அறிவுரைகளில் ஒன்று. ஆங்கிலேய அதிகாரி 1898-இல் கண்ட அதே திறந்த அட்டையை இந்த ஆவணத்தின் தொகுப்பாளரும் 1995-இல் கண்டார். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு வேறு. அட்டையில் என்ன எழுதலாம் என்பதை அரசிடம் கேட்காமல் எழுதுபவரிடம் விட்டார். சினத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பு, அனுப்பும்போது அடக்கத்தோடும் பெறும்போது பெருந்தன்மையோடும் இரு என்கிற ரீதியில் செல்லும் அந்த ஆவணத்தில் தண்டனை என்ற சொல்லுக்கே இடமில்லை. மீறுபவரைச் சக பயனர்கள் கண்டிப்பார்கள், ஒதுக்குவார்கள், அவ்வளவே.

அந்நெறிகளுள் மிகவும் புகழ்பெற்றது, பெரிய எழுத்துகளில் மட்டும் எழுதினால் அது கத்துவதற்குச் சமம் என்பது. தமிழுக்கும் தேவநாகரிக்கும் வங்கத்துக்கும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. தொண்ணூறுகளில் தமிழை உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதியவர்களுக்கோ பெரிய எழுத்து வேறொரு வேலை செய்தது. ளகரத்தையும் ணகரத்தையும் லகர, னகரங்களிலிருந்து பிரித்துக் காட்ட அதுதான் கருவி. இன்னொருவர் கத்துவதாகக் கேட்ட இடத்தில் இவர்கள் நா மடக்கிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கையான சிறு செய்திதான். எனினும் மரியாதை என்பது மொழிதோறும் வேறு உறுப்பில் தங்கியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. தமிழில் அது வினைமுற்றின் கடைசி ஒலியில் இருக்கிறது. 'சொன்னார்' என்பதைச் 'சொன்னான்' என்று எழுதினால் போதும். வேறு எந்த வசையும் வேண்டியதில்லை. இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்ற மூன்று படிகளில் அதே வேலை நடக்கிறது. மறுபுறம், 'நீங்கள்', 'உங்கள் குடும்பத்தார்' என்று பன்மையில் குழைந்தே ஒருவரை நடுங்கவைக்கவும் முடியும். வட்டிக்குப் பணம் கொடுத்தவர் வீட்டு வாசலில் நின்று நலம் விசாரிப்பதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சொல்லின் பணிவும் செயலின் நல்லெண்ணமும் ஒன்றல்ல என்ற இந்த எளிய வேறுபாடே பின்னால் வந்த சட்டத்தில் காணாமற்போனது.

முதலில் அது காணாமற்போகவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நடத்தையைப் பற்றிய பிரிவுகள் மிகச் சில. அவற்றுள் 67-ஆவது, ஆபாசத்தை மின்வடிவில் வெளியிடுவதைக் குற்றமாக்கியது. அப்பிரிவின் கீழ்த் தொடக்கத்தில் கிடைத்த தண்டனைகளுள் ஒன்று சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் 2004 நவம்பரில் வழங்கப்பட்டது. மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுமம் ஒன்றில் ஆபாசமான செய்திகளை ஒருவர் இட்டார். அவற்றைப் பார்த்த அந்நியர்களிடமிருந்து அப்பெண்ணுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. புகார் அளிக்கப்பட்ட அதே ஆண்டில் வழக்கு முடிந்தது. 67-ஆம் பிரிவும், தண்டனைச் சட்டத்தில் நற்பெயருக்குத் தீங்கிழைக்கும் போலி ஆவணம், பெண்ணின் மாண்பைக் குலைத்தல் ஆகியவற்றுக்கான பிரிவுகளும் போதுமாயிருந்தன. யார் பாதிக்கப்பட்டார், என்ன செயலால், என்ன விளைவு நேர்ந்தது என்ற மூன்றுக்கும் அவ்வழக்கில் விடை இருந்தது.

பழைய தண்டனைச் சட்டத்துக்கு இன்னொரு நுட்பமும் தெரிந்திருந்தது. அதன் 95-ஆம் பிரிவு, சராசரி அறிவும் மனநிலையும் உடைய ஒருவர் முறையிட எண்ணாத அளவு அற்பமான தீங்கைக் குற்றமாகக் கொள்ளாது என்றது. பெயர் சொல்லாமல் மிரட்டுபவருக்கு 507-ஆம் பிரிவு கூடுதலாக ஈராண்டுகள் வரை சிறை வைத்திருந்தது. முகமறியாமையின் கொடுமையை மெக்காலேயின் வழிவந்தவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

2008 டிசம்பர் 22-ஆம் நாள் மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் தகவல் தொழில்நுட்பத் திருத்த மசோதாவை நிறைவேற்றின. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. திருத்தத்தில் புகுந்த 66ஏ பிரிவுக்கு மூன்று உட்கூறுகள். முதலாவது, மிகக் கடுமையாகப் புண்படுத்தும் அல்லது அச்சுறுத்தும் தன்மையுள்ள எந்தத் தகவலும். இரண்டாவது, பொய் என்று தெரிந்தே எரிச்சல், வசதிக்கேடு, ஆபத்து, தடை, அவமதிப்பு, காயம், குற்றமுறு மிரட்டல், பகைமை, வெறுப்பு, தீயெண்ணம் ஆகியவற்றை விளைவிக்கும் நோக்கில் தொடர்ந்து அனுப்பப்படும் தகவல். மூன்றாவது, எரிச்சல் அல்லது வசதிக்கேடு விளைவிக்கவோ, எங்கிருந்து வந்தது என்பதில் பெறுபவரை ஏமாற்றவோ அனுப்பப்படும் மின்னஞ்சலும் மின்செய்தியும். மூன்றாவது உட்கூறு குப்பை மின்னஞ்சலையும் போலி முகவரி மோசடியையும் கருதியது என்பதை அதன் சொற்களே காட்டுகின்றன. இரண்டாவதில் உள்ள பட்டியலை மீண்டும் ஒருமுறை படிக்கலாம். வசதிக்கேடும் குற்றமுறு மிரட்டலும் ஒரே வரிசையில், ஒரே தண்டனையோடு நிற்கின்றன.

மொழியியலார் ஒருவர் இப்பட்டியலைக் கண்டால் முதலில் கேட்பது, இவை எங்கே நிகழ்கின்றன என்பதாகத்தான் இருக்கும். ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், ஒரு பேச்சைச் சொல்லும் செயல், சொல்வதன் மூலம் செய்யும் செயல், சொன்னதால் கேட்பவரிடத்தில் உண்டாகும் விளைவு என மூன்றாகப் பகுத்தார். மிரட்டுவது இரண்டாம் வகை. வாக்குறுதி, எச்சரிக்கை போல அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. அவை நிறைவேறினவா என்று மூன்றாமவர் சோதிக்கலாம். எரிச்சல் மூன்றாம் வகை. அது முழுக்கவும் கேட்பவரிடத்தில் இருக்கிறது. 'நான் உன்னை எச்சரிக்கிறேன்' என்று ஒருவர் சொல்லி எச்சரிக்க முடியும். 'நான் உன்னை எரிச்சலூட்டுகிறேன்' என்று சொல்லி எரிச்சலூட்ட முடியாது. எரிச்சல் வந்தால் வரும், இல்லையேல் இல்லை. 66ஏ அனுப்புபவரின் நோக்கத்தைப் பற்றிப் பேசியது உண்மை. ஆனால் காவல் நிலையத்தில் நோக்கத்துக்குச் சான்றாக நின்றது புகார் கொடுத்தவரின் எரிச்சல் மட்டுமே. குற்றத்தின் வரையறையைக் குற்றம்சாட்டுபவரின் நரம்பில் வைத்த சட்டம் அது. பிடியாணையின்றிக் கைது செய்யவும் அதில் இடமிருந்தது.

சட்டம் இருந்தும் முதல் ஈராண்டுகள் பெரிதாகப் பேசப்படவில்லை. 2012-இல் எல்லாம் ஒருசேர நடந்தது.

ஏப்ரலில் கொல்கத்தாவில், ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர், மாநில முதலமைச்சரைக் கேலிசெய்த படத் துணுக்கு ஒன்றைத் தம் குடியிருப்புச் சங்க உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலில் மேலனுப்பியதற்காகக் கைது செய்யப்பட்டார். சத்யஜித் ராயின் 'சோனார் கேல்லா'வை நினைவூட்டும் அத்துணுக்கை அவர் உருவாக்கவில்லை, அனுப்பினார். அக்டோபர் இறுதியில் புதுச்சேரியில், அன்றைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனுடைய சொத்து பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதிய சிறுதொழில் முனைவோர் ஒருவரை விடியற்காலையில் காவல்துறை வீட்டிலிருந்து அழைத்துச் சென்றது. அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர் என்று செய்திகள் கூறின. கைதுக்குப் பின் அந்த வரியை நாடே படித்தது. நவம்பர் 17 அன்று பால் தாக்கரே மறைந்தார். மறுநாள் மும்பை அடைத்துக் கிடந்தது. பால்கரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், இந்த அடைப்பு மதிப்பினால் அல்ல, அச்சத்தினால் என்ற பொருள்பட முகநூலில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைதாயினர். எழுதியவருடைய உறவினரின் மருத்துவமனையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது.

ஒரு விருப்பக்குறி என்ன வகைப் பேச்சு என்ற கேள்வி அன்று பலரையும் சிரிக்கவைத்தது. தலையசைப்பா, கைதட்டலா, 'படித்தேன்' என்ற கையொப்பமா? இம்மூன்றுக்கும் அது பயன்பட்டுவந்தது, இன்றும் பயன்படுகிறது. நான்காவதாக, குற்றத்தில் உடந்தை என்ற பொருளைப் பால்கர் காவல் நிலையம் அதற்குச் சேர்த்தது. மகாராஷ்டிர அரசு பின்னர் வழக்கை முடித்துக்கொண்டது; காவல் அதிகாரிகள் இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

இவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இன்னொரு வழக்கு அவ்வளவு எளிதன்று. அதே அக்டோபரில் சென்னையில், பின்னணிப் பாடகி ஒருவர் தம்மைப் பற்றி ட்விட்டரில் ஆபாசமாக எழுதப்படுவதாக அளித்த புகாரில் சிலர் கைதாயினர். அங்கேயும் 66ஏ சேர்க்கப்பட்டது. கருத்துரிமை பேசியவர்கள் பலர் இவ்வழக்கைப் பட்டியலில் சேர்ப்பதா, விடுவதா என்று தடுமாறினர். தடுமாறியதில் நியாயம் உண்டு. ஆளுங்கட்சியைக் கேலிசெய்த பேராசிரியரும், ஒரு பெண்ணின் உடலைப் பற்றி எழுதுவதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களும் ஒரே பிரிவின் கீழ் நிற்க நேர்ந்ததே 66ஏயின் உண்மையான சேதம். அமைச்சர் மகனின் மனத்தாங்கலைக் குற்றமாக உயர்த்திய அதே சொல், ஒரு பெண் தனக்கு நேர்ந்ததாகச் சொன்ன கொடுமையை 'எரிச்சல்' என்று தாழ்த்திவிட்டது. அவமதிப்புக்கும் இன்னலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லக் காவல் நிலையத்தில் வேறு சொல் இல்லாமற்போனது. பெண்ணை மின்வழியில் தொடர்ந்து கண்காணிப்பதையும் பின்தொடர்ந்து தொல்லை தருவதையும் பெயரிட்டுக் குற்றமாக்கிய 354டி பிரிவு 2013-இல்தான் தண்டனைச் சட்டத்துக்கு வந்தது. அது எரிச்சலைப் பற்றிப் பேசவில்லை. செயலைப் பற்றிப் பேசியது.

பால்கர் கைதுகளைப் படித்த 21 வயது ஷ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். அரசு உடனடியாகச் செய்தது, 2013 ஜனவரி 9 அன்று ஓர் அறிவுரை அனுப்பியது. இப்பிரிவின் கீழ்க் கைது செய்யப் பெருநகரங்களில் காவல்துறைத் தலைவர் நிலையிலும், மாவட்டங்களில் துணை ஆணையர் அல்லது கண்காணிப்பாளர் நிலையிலும் உள்ள அதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும் என்றது அது. பொருள் விளங்காத சொல்லை உதவி ஆய்வாளருக்குப் பதில் கண்காணிப்பாளர் படித்தால் பொருள் விளங்கிவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது.

2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் ஜே. செலமேஸ்வரும் ஆர். எஃப். நரிமனும் 66ஏ பிரிவை முழுமையாக நீக்கினர். கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் உடன் வீழ்ந்தது. நரிமன் எழுதிய தீர்ப்பில் மொழி மாணவர்கள் நின்று படிக்கவேண்டிய பகுதி, அது இரண்டு பிரிட்டிஷ் வழக்குகளை அருகருகே வைக்கும் இடம். ஒன்றில், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து இனவசைச் சொற்களைப் பேசிவந்த ஒருவரைக் கீழ் நீதிமன்றங்கள் விடுவித்தன; அதே சொற்கள் மிகக் கடுமையாகப் புண்படுத்துபவை என்று பிரபுக்கள் சபை 2006-இல் கண்டது. மற்றொன்றில், பனியால் மூடப்பட்ட விமான நிலையத்தை வெடிவைத்துத் தகர்ப்பதாக ட்விட்டரில் கேலியாக எழுதியவரைக் கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. அது அச்சுறுத்தலே அன்று என்று உயர் நீதிமன்றம் 2012-இல் கூறியது. நீதித்துறைப் பயிற்சி பெற்ற மனங்களே ஒரே உண்மைகளிலிருந்து நேர்மாறான முடிவுகளுக்கு வரும்போது, அச்சொற்களை வைத்துச் சாதாரண குடிமகன் தன் நடத்தையை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்வது என்பது தீர்ப்பின் வாதம். எரிச்சல் என்ற சொல் பழைய தண்டனைச் சட்டத்தில் எங்கெல்லாம் வருகிறது என்பதையும் அது தேடிப் பார்த்தது. அங்கெல்லாம் பொதுத்தொல்லை, போதை, பொது இடம் என்று ஏதேனும் ஒன்று அச்சொல்லைக் கட்டிப்போட்டிருந்தது. 66ஏ அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட்டிருந்தது.

விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, வன்செயலுக்குத் தூண்டுவது என்று தீர்ப்பு மூன்றைப் பிரித்து, மூன்றாவதன் வாசலில்தான் அரசு தலையிடலாம் என்றது. முதல் இரண்டும் எவ்வளவு மரியாதைக் குறைவாக இருந்தாலும் அரசமைப்பின் பாதுகாப்புக்கு உரியவை. மரியாதைக் குறைவு நல்லது என்று தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. அதைத் திருத்தும் வேலை காவல்துறைக்கு உரியதன்று என்பதே அதன் பொருள்.

பிரிவு இறந்தது, வழக்குகள் இறக்கவில்லை. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மாவட்ட நீதிமன்றப் பதிவுகளைத் துழாவித் திரட்டிய விவரங்களை மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது. அவ்வாண்டு மார்ச் நிலவரப்படி 11 மாநிலங்களில் 745 வழக்குகள் இல்லாத ஒரு பிரிவின் கீழ் நடந்துகொண்டிருந்தன. காவல் நிலையங்களில் இருந்த சட்ட நூல்களில் 66ஏ வழக்கம்போல் அச்சாகியிருந்தது. அது செல்லாது என்ற செய்தி பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே இருந்தது. எழுத்தர் படித்தது மேலே உள்ளதை. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்பிரிவின் கீழ் யார்மீதும் வழக்கு நடத்தலாகாது என்று மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. ஜாதவ்பூர்ப் பேராசிரியர் 2023 ஜனவரியில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒரு கேலிப்படத்தை மேலனுப்பிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இதற்கிடையில் கேரள அரசு 2020 நவம்பரில் 118ஏ என்ற பெயரில் ஏறத்தாழ அதே நோயை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களில் திரும்பப் பெற்றது.

இவையனைத்தும் வசையைப் பற்றியவை. ஆனால் அதே ஆண்டுகளில் இந்தியாவில் மின்செய்திகளால் விளைந்த பெருந்தீங்குகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் வசையே இல்லை.

2012 ஆகஸ்டில், அஸ்ஸாம் கலவரத்தைத் தொடர்ந்து, தென்னிந்திய நகரங்களில் உள்ள வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற குறுஞ்செய்திகள் பரவின. பெங்களூருவிலிருந்தும் புனேயிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வேலையையும் படிப்பையும் விட்டு இரயிலேறினர். குவாஹாட்டிக்குச் சிறப்பு இரயில்கள் விடப்பட்டன. ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசு, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் குறுஞ்செய்தி அனுப்புவதை 15 நாள்களுக்குத் தடைசெய்தது. அச்செய்திகளை அனுப்பியவர்களில் பலர் கலவரக்காரர்கள் அல்லர். நண்பனுக்காக, தங்கைக்காக, ஒரே ஊர்க்காரருக்காக அஞ்சியவர்கள். அன்பினாலேயே அச்செய்தி அவ்வளவு விரைவாகப் பயணம் செய்தது.

ஆறாண்டுகள் கழித்து வாட்ஸ்அப்பில் குழந்தை கடத்துவோர் பற்றிய எச்சரிக்கைகள் ஊர் ஊராகச் சென்றன. 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததால் கடத்தல்காரி என்று ஐயுறப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ராயின்பாடாவில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் அதே ஐயத்தில் கொல்லப்பட்டனர். அந்த எச்சரிக்கைகளின் நடையை நினைவுகூர்வது நல்லது. பெற்றோரை விளித்தன, கவனமாக இருக்கச் சொல்லின, பிறருக்கும் தெரிவிக்குமாறு பணிவோடு வேண்டின. இணைய நடத்தை நெறிகளின் எந்தப் பட்டியலைக் கொண்டு சோதித்தாலும் மொழியளவில் குறை காண முடியாத செய்திகள். பெரிய எழுத்தில் கத்தவில்லை, எவரையும் ஏசவில்லை, எரிச்சலூட்டவில்லை. 66ஏ அப்போதும் நூலில் இருந்திருந்தாலும், பொய்யென்று தெரியாமல் மேலனுப்பிய அண்டைவீட்டாரை அது தொட்டிருக்காது.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப், மேலனுப்பப்பட்ட செய்திகளுக்கு ஓர் அடையாளக் குறியைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி எல்லையும் விதித்தது. 2012-இல் அரசு குறுஞ்செய்திக்குக் கொண்ட அதே ஐந்து. சொற்களின் தன்மையைப் பற்றி இரண்டு ஏற்பாடுகளும் எதுவும் கேட்கவில்லை. எத்தனை கைகள் என்று மட்டும் எண்ணின. 1898-இல் அஞ்சல் துறை எண்ணிப் பார்க்காத ஒன்று அது. அன்று ஓர் அட்டையை ஐம்பது அட்டையாக்க ஒருவர் ஐம்பது முறை எழுதவேண்டியிருந்தது.

குழந்தை கடத்தல் வதந்தியோடு அதிகமாகச் சுற்றிய காணொளி ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவர்களுள் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது கராச்சியில், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோருக்கு நினைவூட்டுவதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். இந்தியக் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்த வடிவத்தில் அதன் கடைசிச் சில நொடிகள் வெட்டப்பட்டிருந்தன. அந்த நொடிகளில் அவர்கள் திரும்பி வந்து, சிறுவனை எடுத்த இடத்திலேயே இறக்கிவிடுகிறார்கள்.